ஐந்து தோள்கள் போதாது

(இரண்டாமாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)

முன்னுரை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "கிரிக்கெட்டைப் பத்தி எழுதுடா, எல்லாரும் படிப்பாங்க" என்றார்கள் வகுப்பில். நான் எடுத்துக்கொண்டதோ பேஸ்பால். அதிலும் ஆட்டம் நடக்கும் மாதங்களை அல்ல. ஆட்டமெல்லாம் முடிந்து மைதானம் பூட்டிக் கிடக்கும் குளிர்கால மாதங்களை. அந்த மாதங்களில் ஒரு அணி பந்து வீச்சாளர்களைத் தேடி அலைவது பற்றியதே இக்கட்டுரை.

இதில் நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதைத் தேய்மானம் பற்றிய கட்டுரை என்றும் சொல்லலாம். இயந்திரவியல் மாணவன் எழுதினால் வேறு எப்படி இருக்கும்?

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. விடுதியில் டிபன் வரிசையில் நின்றிருந்தோம். அறை நண்பன் கைபேசியில் பேஸ்பால் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான். கனடாவின் டொரண்டோ நகரில் அப்போது சனிக்கிழமை நள்ளிரவு. உலகத் தொடரின் கடைசி ஆட்டம். "நேத்து ஆறு இன்னிங்ஸ் போட்ட அதே ஆளு இன்னைக்கும் போடுறான்டா!" என்று கத்தினான். எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. எங்கப்பா மண்டியில் மூட்டை தூக்குபவர். நேற்றும் தூக்கினார், இன்றும் தூக்குவார். ஒரு மனிதன் இரண்டு நாள் தொடர்ந்து வேலை செய்வதா அதிசயம்?

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பேஸ்பால்: ஐந்து நிமிடப் பாடம்

கிரிக்கெட் தெரிந்த நமக்கு இது கஷ்டமில்லை. ஒவ்வொரு அணிக்கும் 9 இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸுக்கு 3 அவுட். ஆக ஒரு ஆட்டத்தை முடிக்க 27 அவுட் எடுக்க வேண்டும். வீசுபவருக்கும் மட்டையாளருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். ஓடி வந்து வீச முடியாது. நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி, முழு வேகத்தில் எறிய வேண்டும்.

இங்கே ஓவர் என்பது கிடையாது. ஆறு பந்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதில்லை. ஆட்டத்தைத் தொடங்குபவர் முடிந்தவரை தொடர்ந்து வீசுவார். அவர்தான் ஸ்டார்ட்டர். அவர் களைத்ததும் வருபவர் ரிலீவர். வெளியே எடுத்த வீச்சாளரை அந்த ஆட்டத்தில் மறுபடி வீச அழைக்க முடியாது. இக்காலத்தில் ஒரு ஸ்டார்ட்டர் 90 முதல் 100 பந்து வரை வீசுவார். அதோடு அவரை நிறுத்திவிடுவார்கள், நன்றாக வீசிக்கொண்டிருந்தாலும் சரி.

இப்போது கணக்கு. அமெரிக்க மேஜர் லீக்கில் ஒரு அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டம். 162ஐ 9ஆல் பெருக்கினால் 1458 இன்னிங்ஸ். ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள் இத்தனையையும் யாராவது வீசித்தானே ஆக வேண்டும்? எனவே ஐந்து ஸ்டார்ட்டர்களைச் சுழற்சியில் வைப்பார்கள். இன்று வீசியவர் அடுத்த நான்கு நாள் ஓய்வு எடுத்து ஐந்தாம் நாள் வருவார். ஜப்பானில் இன்னும் நிதானம்; வாரத்துக்கு ஒருமுறைதான் வீசுவார்கள்.

மட்டையாளரை தினமும் ஆட வைக்கலாம். வீச்சாளரை முடியாது. அதனால்தான் ஸ்டார்ட்டருக்கு இவ்வளவு கிராக்கி.

தோல்வி போட்ட கணக்கு

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் என்ற அணியை எடுத்துக்கொள்வோம். 2023ல் 162 ஆட்டங்களில் 100 வென்ற அணி அது. அக்டோபரில் நடந்த பிளே ஆஃப் சுற்றில் எதிரே வந்த அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அந்த ஆண்டு வென்றதோ 84 ஆட்டம்தான். டாட்ஜர்ஸ் ஊதித் தள்ளிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். மூன்று ஆட்டத்திலும் தோற்று வெளியேறியது.

முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் கிளேட்டன் கெர்ஷா. அந்த அணியின் கோயில் சிலை மாதிரி. ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் 6 ரன் கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் பாபி மில்லர் இரண்டு இன்னிங்ஸ் முடிக்கவில்லை. மூன்றாவதில் லான்ஸ் லின் ஒரே இன்னிங்ஸில் நான்கு ஹோம் ரன் வாங்கிக்கொண்டார்.

மூவரும் சேர்ந்து எடுத்தது 14 அவுட், அதாவது 4⅔ இன்னிங்ஸ். கொடுத்தது 13 ரன். வீச்சாளரின் தரத்தை அளக்க ஒரு சூத்திரம் உண்டு. கொடுத்த ரன்னை 9ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். 13ஐ 9ஆல் பெருக்கி 4⅔ஆல் வகுத்தால் 25.07 வரும். நல்ல வீச்சாளருக்கு இது மூன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்!

அந்த அணியில் ஏன் ஆள் இல்லை? இருந்தார்கள், ஆனால் காயத்தில் இருந்தார்கள். வாக்கர் பியூலர் முழங்கை அறுவை முடிந்து 2023 முழுக்க மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கெர்ஷாவே தோள் வலியோடு வீசியவர். அந்த நவம்பரில் அவருக்கும் அறுவை நடந்தது. 25.07 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அணித் தலைமை அந்தக் குளிர்காலத்தில் சந்தைக்குப் புறப்பட்டது.

சந்தைக்கு வழிகள் நான்கு

1. சொந்தமாக வளர்ப்பது. பள்ளி, கல்லூரி முடித்த பையன்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். கெர்ஷா 2006லும் பியூலர் 2015லும் இப்படி வந்தவர்கள். செலவு குறைவு, ஆனால் பல வருஷம் காத்திருக்க வேண்டும். உடனே காய்க்காது.

2. விடுதலை பெற்ற வீரரை வாங்குவது. மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடித்து ஒப்பந்தமும் முடிந்தவர் யாருடனும் பேசலாம். 2023 டிசம்பரில் ஷோஹெய் ஒட்டானி இப்படித்தான் வந்தார். 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். இதில் 68 கோடியை 2034 முதல் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். ஆனால் முழங்கை அறுவை ஆகியிருந்ததால் 2024 முழுக்க வீச முடியாது என்று தெரிந்தே வாங்கினார்கள்.

3. மாற்றுப் பேரம். நம்மிடம் உள்ளதைக் கொடுத்து அவர்களிடம் உள்ளதை வாங்குவது. அதே டிசம்பரில் ரயான் பெப்பியட் என்ற இளம் வீச்சாளரையும் இன்னொரு வீரரையும் டாம்பா பே அணிக்குக் கொடுத்து, டைலர் கிளாஸ்னோவையும் ஒரு மட்டையாளரையும் வாங்கினார்கள். கிளாஸ்னோவுக்கு 6 அடி 8 அங்குல உயரம், அபாரமான வேகம். ஆனால் மேஜர் லீக்கில் ஓர் ஆண்டில் 120 இன்னிங்ஸுக்கு மேல் அதுவரை அவர் வீசியதே இல்லை. அவருக்கும் முழங்கை அறுவை ஆனதுதான்.

4. ஜப்பானிலிருந்து அழைத்து வருவது. இது கொஞ்சம் சுவாரசியமானது. யோஷினோபு யமமோட்டோ, ஒரிக்ஸ் பஃபலோஸ் அணிக்காரர். 5 அடி 10 அங்குலம்தான் உயரம். ஈட்டி போன்ற ஒன்றை எறிந்து பயிற்சி செய்பவர். ஜப்பானின் தலைசிறந்த ஸ்டார்ட்டருக்கான சவமுரா விருதை 2021, 2022, 2023 என்று மூன்று ஆண்டும் வாங்கியவர். அவரது அணி அனுமதித்தால், அவர் அமெரிக்க அணிகளுடன் 45 நாள் பேசலாம். நியூயார்க்கின் இரண்டு அணிகளும் போட்டிக்கு நின்றன. கடைசியில் டாட்ஜர்ஸ் 12 ஆண்டுக்கு 32.5 கோடி டாலர் என்று முடித்தது. ஒரு வீச்சாளருக்கு அதுவரை எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் இதுவே மிகப்பெரிய தொகை.

வளர்த்த அணிக்கு என்ன லாபம்? அதற்கும் விதி உண்டு. நாமே போட்டுப் பார்க்கலாம்:

முதல் 2.5 கோடிக்கு 20 சதவீதம் = 50 லட்சம்
அடுத்த 2.5 கோடிக்கு 17.5 சதவீதம் = 43.75 லட்சம்
மீதி 27.5 கோடிக்கு 15 சதவீதம் = 412.5 லட்சம்
மொத்தம் = 506.25 லட்சம் டாலர்

அதாவது ஐந்து கோடி டாலருக்கு மேல் ஒரிக்ஸ் அணிக்குத் தனியாகப் போய்ச் சேர்ந்தது. ஒருவனை ஆளாக்கிய இடத்துக்கும் பங்கு உண்டு என்ற அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது.

இதெல்லாம் பேசி முடித்தாலும் கடைசியில் ஒரு படி உண்டு. டாக்டர் பரிசோதனை. தோளையும் முழங்கையையும் படம் எடுத்துப் பார்த்து, சரி என்றால்தான் ஒப்பந்தம் செல்லும். நாம் பழைய லேத் வாங்கும்போது பெட்டைத் தடவி, ஸ்பிண்டிலை ஆட்டிப் பார்க்க மாட்டோமா? அது மாதிரிதான்.

முழங்கைக்குள் ஒரு நார்

நண்பர்களே, ஒரு கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிப் பாருங்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாது. பத்தாவது தடவை சூடாகும். இன்னும் சில தடவையில் பட்டென்று முறியும். ஒரே இழுப்பில் அறுக்க முடியாத கம்பி, சின்னச் சின்ன மடக்கலில் முறிகிறது. நம் பாடத்தில் ஃபெடீக் என்று படிக்கிறோமே, அதுதான் இது.

முழங்கையின் உட்பக்கம் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டிப் பிடித்திருக்கும் ஒரு சிறு நார் உண்டு. ஒவ்வொரு பந்துக்கும் அது இழுபடுகிறது. ஓய்வு கொடுத்தால் உடம்பு பழுது பார்த்துக்கொள்ளும். கொடுக்காவிட்டால் ஒருநாள் அறுந்துவிடும். முன்பெல்லாம் அறுந்தால் அதோடு பிழைப்பு முடிந்தது.

1974ல் இதே டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் என்பவருக்கு அந்த நார் அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய மற்றொரு கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் வைத்துக் கட்டினார். அதற்கு முன் எந்த வீச்சாளருக்கும் செய்யாத அறுவை. 1975 முழுதும் ஆடாமல் இருந்து 1976ல் திரும்பி வந்தார் டாமி ஜான். அதன் பிறகு மட்டும் 164 ஆட்டம் வென்றார்! அந்த அறுவைக்கே அவர் பெயர்தான் இன்றும்.

ஆனால் மறுபடி வீச ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகையால் ஒரு அணி ஸ்டார்ட்டரை வாங்கும்போது உண்மையில் வாங்குவது என்ன? அந்த நார் தாங்கப்போகும் இன்னிங்ஸை. எத்தனை தாங்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் கோடிக்கணக்கில் விலை பேசுகிறார்கள்.

2024: வாங்கியது பழுதானது

பணம் இருந்தால் வேலை முடிந்ததா? முடியவில்லை. யமமோட்டோ தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தைத் தென்கொரியாவின் சியோலில் ஆடினார். ஓர் இன்னிங்ஸ், 5 ரன், அவ்வளவுதான். பிறகு சுதாரித்தார். ஜூன் மாதம் தோளில் வலி; சுமார் மூன்று மாதம் வெளியே. கிளாஸ்னோ ஆகஸ்டில் முழங்கை வலியென்று உட்கார்ந்தவர் அந்த ஆண்டு திரும்பவே இல்லை. ஒட்டானி மட்டை மட்டும் பிடித்தார். டாட்ஜர்ஸ் அணியில் அந்த ஆண்டு ஒருவர்கூட 150 இன்னிங்ஸைத் தொடவில்லை.

ஜூலை கடைசியில் அவசரமாக டெட்ராய்ட் அணியிலிருந்து ஜாக் ஃபிளாஹர்ட்டியை வாங்கினார்கள். அக்டோபர் வந்தபோது கையில் இருந்த ஸ்டார்ட்டர் மூன்றே பேர்: யமமோட்டோ, ஃபிளாஹர்ட்டி, பியூலர். சான் டியாகோவுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் தோற்றால் வெளியே. அன்று வீச ஸ்டார்ட்டரே இல்லை. எட்டு ரிலீவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்து வீசினார்கள். முடிவு 8க்கு 0!

உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸை வென்ற கடைசி இன்னிங்ஸை வீசியவர் யார் தெரியுமா? வாக்கர் பியூலர். இரண்டு முறை முழங்கை அறுவை ஆனவர். அந்தப் பருவத்தில் ஒரே ஒரு வெற்றி, ஆறு தோல்வி. ஒருநாள் ஓய்வு மட்டும் எடுத்து வந்து மூன்று அவுட்டையும் எடுத்தார். கோடிகள் கொடுத்து வாங்கியவர்கள் பாதிப் பேர் பெஞ்சில் இருக்க, சொந்தமாக வளர்த்து, உடைந்து, ஒட்டவைத்த கை முடித்துக் கொடுத்தது.

"பணக்கார அணி, அதான் ஜெயிச்சுது" என்று ஒரு நண்பன் சொன்னான். அது பாதி உண்மை. பணமில்லாத அணி இந்தச் சந்தைக்குள் நுழையவே முடியாது என்பது நியாயமான குறைதான். ஆனால் மறுபாதியையும் பாருங்கள். 2023ல் நியூயார்க் மெட்ஸ் அணி மாக்ஸ் ஷெர்சர், ஜஸ்டின் வெர்லாண்டர் இருவருக்கும் தலா 4.3 கோடி டாலர் ஆண்டுச் சம்பளம் கொடுத்தது. இருவரும் நாற்பதை ஒட்டிய வயதினர். அணி 87 ஆட்டம் தோற்றது. ஆகஸ்ட் தொடங்கும்போது இருவரையும் வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டது. இரண்டு பெரிய தூணை மட்டும் நம்பிக் கட்டிய கட்டடம் அது. டாட்ஜர்ஸ் நம்பியது தூணை அல்ல, மாற்றுத் தூண் தயாராக இருப்பதை.

2025: கணக்கு நேரானது

கோப்பை வாங்கிய பிறகும் டாட்ஜர்ஸ் சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பரில் பிளேக் ஸ்னெல், 5 ஆண்டுக்கு 18.2 கோடி டாலர். 2025 ஜனவரியில் ஜப்பானின் ரோகி சசாகி. 25 வயது ஆகாததால் விதிப்படி அவருக்குக் கிடைத்த முன்பணம் வெறும் 65 லட்சம் டாலர்தான்.

மறுபடியும் அதே கதை. ஸ்னெல் தோள் வலியால் ஏப்ரல் முதல் ஜூலை வரை காணோம். கிளாஸ்னோ பாதிப் பருவம். சசாகி ஸ்டார்ட்டராக எட்டு ஆட்டத்தோடு நின்றார். ஒட்டானி ஜூன் மாதம்தான் மறுபடி பந்தைத் தொட்டார், அதுவும் ஓர் இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் என்று படிப்படியாக. யமமோட்டோவை மட்டும் பெரும்பாலும் ஐந்து நாளோ அதற்கு மேலோ ஓய்வு கொடுத்துக் கொடுத்து வீச வைத்தார்கள். 30 ஆட்டம் தாங்கினார். ஆறு மாதமும் மாற்று ஆட்களை வைத்து ஓட்டி, அக்டோபருக்கு நால்வரையும் முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மில்வாக்கி அணிக்கு எதிரே நான்கு ஆட்டம். ஸ்னெல் 8 இன்னிங்ஸ், யமமோட்டோ 9, கிளாஸ்னோ 5⅔, ஒட்டானி 6. மொத்தம் 28⅔ இன்னிங்ஸில் கொடுத்தது 2 ரன். சூத்திரத்தில் போடுங்கள்: 0.63! இரண்டே ஆண்டில் 25.07 எங்கே, 0.63 எங்கே!

இனி நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். டொரண்டோவில் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். அந்த நால்வரும் அன்று ஒரே ஆட்டத்தில் வீசினார்கள். முந்தைய நாள் 96 பந்து வீசிய யமமோட்டோ, ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து மேலும் 34 பந்து வீசினார். பதினோராவது இன்னிங்ஸில் 5க்கு 4 என்று டாட்ஜர்ஸ் வென்றது.

இப்போது எனக்கு அதிசயம் புரிந்தது. அவர் இரண்டு நாள் தொடர்ந்து வீசியதல்ல அதிசயம். அந்த இரண்டு நாளுக்காக ஒரு வருஷம் முழுதும் அவர் கையை ஒரு கூட்டமே எண்ணிக்கொண்டிருந்ததுதான். இத்தனை பந்து, இத்தனை நாள் ஓய்வு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு.

கெர்ஷாவையும் மறக்கக் கூடாது. 2023ல் ஒரே அவுட்டோடு தலைகுனிந்து போனவர், அந்த உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், பன்னிரண்டாவது இன்னிங்ஸில், மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் நிற்கும்போது வந்தார். ஒரே ஒரு அவுட் எடுத்தார், அணி தப்பியது. அந்த ஆண்டோடு ஓய்வும் பெற்றார்.

முடிவுரை

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன், "ஒரு நாளைக்கு எத்தனை மூட்டைப்பா தூக்குவீங்க?" என்று. "லாரியப் பொறுத்துதான். மூட்டைய எண்ணித்தான் கூலி" என்றார். "ஓய்வு?" "தோளுக்கு ஏதுப்பா கணக்கு? வலிச்சா தைலம்" என்று சிரித்தார். காலையில் சட்டைக்குள் வலது கையை நுழைக்க அவர் இடது கையைத் துணைக்குப் பிடித்துக்கொள்வதை அன்றுதான் கவனித்தேன். எத்தனை வருஷமாக அப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தோளில்தான் நான் பாலிடெக்னிக் வந்தேன்.

32.5 கோடி டாலர் என்பதால் யமமோட்டோவின் தோளை எண்ணுகிறார்கள். விலை இல்லாத தோளை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் நார் ஒன்றுதான். மடக்கினால் தேயும் விதியும் ஒன்றுதான்.

நண்பர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் ஏதோ ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக நிற்போம். மெஷினுக்கு லாக் புக் வைப்போம். எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது ஆயில் விட்டோம், எப்போது பேரிங் மாற்ற வேண்டும் என்று எழுதுவோம். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு எது லாக் புக்? அவர் ஒருநாள் "தோள் வலிக்குது சார்" என்றால், சோம்பேறி என்பதா, மாற்று ஆள் வைப்பதா?

ஐந்து பேர் வேலைக்கு ஐந்து பேரை மட்டும் வைத்து ஓட்டுவது சிக்கனம் மாதிரித் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு எங்கோ ஒரு தோளில் போய் முடியும். உலகக் கோப்பை வாங்கும் அணிக்கே ஐந்து தோள்கள் போதவில்லை. இதை நாம் நினைவில் வைத்தால், நாம் படித்த படிப்புக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.